இடமும் வலமும்
நமது அரசியல் கட்டுரையாளர் ‘இடதுசாரி’, ‘வலதுசாரி’ என்று முத்திரையிடுவதோடு தம் கடமை தீர்ந்ததெனக் கருதுகின்றனர். 1789-ல் பிரெஞ்சு மன்றத்தில் மன்னர்க்கு அதிகாரம் வேண்டியோர் வலப்புறமும் மறுத்தோர் இடப்புறமும் அமர்ந்ததிற் பிறந்த சொற்கள் இவை. ரெங்கத்துப் பால்மரத் தொழிலாளிக்கு இவை எதை விளக்கும்? 1949-ல் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் கணபதியை இடதுசாரி என்பர். கூட்டணி ஆட்சியில் அமைச்சராயிருந்த சம்பந்தனை வலதுசாரி என்பர். ஆயின் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளரின் பங்குப் பணத்தால் அவற்றை வாங்க 1960-ல் கூட்டுறவுச் சங்கம் கண்டவர் சம்பந்தனே. இஃது இடமா, வலமா? சாதி கேட்டு மனிதனை எடைபோடுவதும் முத்திரை கண்டு கட்சியை எடைபோடுவதும் ஒரே மடமையே. கூலி, நிலம், கல்வி ஆகிய மூன்றிலும் கட்சி செய்ததென்ன என்று வினவும் எழுத்தையே நாம் விமரிசனமென்போம்.