போலியும் மெய்யும்
பழைய போர் ஊர்திகள் பற்றி ஒரு திறனாய்வு

தமிழ் இலக்கணத்தில் போலி என்பது குற்றமன்று. அறம் என்பது அறன் என நின்றாலும், மயல் என்பது மையல் என வந்தாலும் எழுத்து மாறுகிறதே தவிரப் பொருள் மாறுவதில்லை. கடைத்தெருவிலோ அதே சொல் பழிச்சொல்லாகி விடுகிறது. இரண்டாம் உலகப் போரின் ஊர்திகளைத் தேடிச் சேர்ப்போரிடையே நெடுநாளாக நடந்துவரும் வழக்கு, இவ்விரு போலிகளையும் பிரித்தறியாமையால் விளைந்ததேயாகும்.

அவர்கள் பெரிதும் நாடுவது ஜீப் வண்டியை. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்கள் ஒரே அமைப்பில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ஃபோர்டு தன் உறுப்புகளில், திருகாணிகளிலுங்கூட, ‘எஃப்’ என்னும் எழுத்தைப் பொறித்தது. வண்டியின் எண்ணை அடிச்சட்டத்தின் மீதே அடித்தது. வில்லிஸோ எண்ணை ஒரு சிறு தகட்டில் பொறித்துச் சட்டத்தில் பதித்தது. வேறுபாடு சிறிது; விளைவு பெரிது. தகட்டைக் கழற்றலாம், புதிதாகவும் செய்து பூட்டலாம். இன்று அத்தகைய தகடுகள் மட்டுமல்ல, பிலிப்பைன்ஸ் நாட்டில் செய்யப்பெற்ற முழு உடற்கூடுகளும் விலைக்குக் கிடைக்கின்றன. போருக்குப் பின் பிரான்சில் ஹாட்ச்கிஸ் நிறுவனம் உரிமம் பெற்று 1966 வரை செய்த வண்டிகளோ, வெள்ளை நட்சத்திரம் தீட்டப்பெற்று, 1944இல் நார்மண்டியில் கரையேறியவை போல விழாக்களில் உலா வருகின்றன.

இங்கே ஒரு சாரார், “ஒவ்வோர் ஆணியிலும் எஃப் எழுத்து இருந்தாலன்றி அது மெய்யான ஃபோர்டு வண்டியன்று” என்பர். இக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. ஃபோர்டு உறுப்பு வில்லிஸுக்கும், வில்லிஸ் உறுப்பு ஃபோர்டுக்கும் பொருந்த வேண்டும் என்பதே படையின் நோக்கம். போர்க்களப் பணிமனையில் கைக்குக் கிடைத்த உறுப்பே வண்டியில் ஏறியது. 1944ஆம் ஆண்டளவில் இரு நிறுவனங்களும் ஒரே வகை உடற்கூட்டையே பயன்படுத்தலாயின. ஆகவே, அணுவளவும் கலப்பில்லாத வண்டி தொழிற்சாலை வாயிலுக்குச் சான்றாகலாம். போர்க்களத்துக்குச் சான்றாவது அரிது. பணிமனையில் நிகழ்ந்த மாற்றம் இலக்கணப் போலியைப் போன்றது. எழுத்து மாறியது, பொருள் மாறவில்லை.

மற்றொரு சாரார், “பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தால் போதாதா?” என்பர். இதுவும் பிழையே. பழைய வண்டி வெறும் உருவமன்று. அஃது ஓர் ஆவணம். அதன் மேற்பூச்சை அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்ப்பவர், அடியில் முதற்பதிவு எண்ணையும் படைப்பிரிவின் குறியையும் காண்பதுண்டு. துருப்பிடித்தது என்று அவ்வுடலை எறிந்துவிட்டுப் புதுக்கூடு பூட்டுவோர், ஏடு செல்லரித்தது என்று ஏட்டை எரித்துவிட்டு அச்சுப் பிரதியை வைத்துக்கொள்வோரை ஒப்பர். படி எடுத்தது தவறன்று. மூலத்தை அழித்ததே தவறு.

அரிய ஊர்திகளில் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். ஜெர்மனியின் டைகர் டாங்கி 1,300 அளவிலேயே செய்யப்பெற்றது. எஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனவே 1998இல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரையன்’ திரைப்படத்தில் சோவியத் நாட்டு டி-34 டாங்கிகளுக்கே டைகர் வேடம் இட்டனர். அது நாடக வேடம், எவரையும் ஏய்க்கவில்லை. 1943இல் துனிசியாவில் பிடிபட்டு, இங்கிலாந்தின் பாவிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 131ஆம் எண் டைகரோ, 2014இல் வந்த ‘ஃபியூரி’ படத்தில் தானே நடித்தது. ஆயினும் அதனுள் ஓடும் இயந்திரம் அதன் பிறவி இயந்திரமன்று. பின்னர் வந்த வேறொரு வகை டைகரினுடையது. அருங்காட்சியகம் இதனை மறைக்கவில்லை. மறைக்காததால் அந்த டாங்கியின் மதிப்பும் குறையவில்லை.

ஆகவே குற்றம் படி எடுப்பதில் இல்லை. படியை மூலம் என்று சொல்வதிலேதான் இருக்கிறது. புதிய உறுப்பில் செய்த ஆண்டைப் பொறித்துவைப்பதும், மாற்றியவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வண்டியோடு ஒப்படைப்பதும் எளிய செயல்கள். அவற்றைச் செய்தவன் போலியைச் செய்தும் மெய்யைக் காத்தவனாவான். செய்யாதவன் இன்று வாங்குவோனின் பணத்தை மட்டுமா கவர்கிறான்? அவ்வண்டியில் சென்று மீளாத வீரனைப் பற்றி நாளை ஆராய வருவோனின் சான்றையும் சேர்த்தே கவர்கிறான்.