பெயரும் வேரும்

கந்தப்பளையில் மழை ஓய்ந்த மறுநாட் காலை, தேயிலை நிரைகளின் ஓரத்தே பலவகைக் காளான்கள் முளைத்திருக்கக் காண்கிறோம். அவை அனைத்தையும் ‘காளான்’ என்னும் ஒரே சொல்லால் அழைத்து அமைகிறோம். அறிவியலோ ஒவ்வொன்றுக்கும் சாதிப் பெயரும் இனப் பெயரும் வேண்டி நிற்கிறது. அப்பெயரீடு இந்நாட்டில் நடைபெற்ற முறையை ஈண்டு ஆராய்வாம்.

பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் பங்கசுகளை உலர்த்தி இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்கிலியும் புரூமும் அங்கிருந்தவாறே அவற்றை ஆராய்ந்து 1870களிற் பெரும் பட்டியலொன்றை வெளியிட்டனர். அவர்தம் உழைப்பு போற்றற்குரியது. ஆயினும், உலர்ந்த காளான் நிறமிழக்கும், வடிவு சுருங்கும், எம்மரத்தின் வேரை அடுத்து நின்றது என்பதை உரையாது. ஒரே பங்கசு இளமையில் ஒரு பெயரும் முதுமையில் வேறொரு பெயரும் பெறுதற்கு இஃது ஏதுவாகும். 1905இற் பேராதனைக்கு வந்த பெட்ச் என்பார் உயிருள்ளவற்றை நேரிற் கண்டு பழைய பெயர்களுட் பலவற்றைத் திருத்தினார்.

பெயரிட்ட அளவில் ஒரு பொருளை அறிந்தோம் ஆகோம். கோப்பியிலைத் துருநோய்ப் பங்கசுக்கு 1869இல் ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டனர். ‘பாழ்படுத்துவது’ என்பது பின்மொழியின் பொருள். அதன் வாழ்க்கையை மார்ஷல் வார்ட் இங்கு வந்து ஆராய்ந்ததோ 1880 முதல் 1882 வரையில். அதற்குள் நோய் தோட்டமெங்கும் பரவிவிட்டது. கோப்பி அழிந்த நிலத்திலே தேயிலை எழுந்தது.

தேயிலையின் வேரினுள்ளும் பங்கசுகள் வாழ்கின்றன. அவை பகையல்ல, துணை. வேரும் பங்கசும் கூடிவாழும் இவ்வுறவுக்குச் செருமானிய அறிஞர் பிராங்கு 1885இல் ‘மைக்கோரைசா’, அதாவது பங்கசு வேர், எனப் பெயர் சூட்டினார். தேயிலை வேரில் வாழ்வன குடை விரிப்பதில்லை. ஆதலின் மண்ணிற் கிடக்கும் நுண்ணிய வித்திகளைக் கொண்டே முன்னர் அவற்றை இனம் பிரித்தனர். 2001இல் டி.என்.ஏ. ஆராய்ச்சியின் பயனாக அவற்றுக்குக் குளோமெரோமைக்கோட்டா என்னும் தனிக் கணம் வகுக்கப்பட்டது. 2012 முதல் புதிய இனத்தின் விளக்கத்தை இலத்தீனில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் எழுதலாம்.

இனி ஆய்வுகூடமே போதும், களம் வேண்டா என்பாரும் உளர். அது பழைய குறையைப் புதிய கருவிகொண்டு மீளச் செய்வதேயாம். கறிக்குக் காளான் பறிக்கும் நம் தோட்டத்துத் தாய்மார் அது முளைக்கும் இடமும் பருவமும் நன்கறிவர். அவ்வறிவு பட்டியல்களில் ஏறுவது அரிது. ஆகவே, காளானைக் கையிலெடுக்கும் மாணவன் நாள், இடம், நிறம், அயல்நின்ற மரம் ஆகிய நான்கையும் முதலிற் குறித்துக்கொள்வானாக. பெயரைப் பிறர் தரினும் தருக. அதற்கு வேராகும் குறிப்பு நம்முடையதாகுக.