புரூனரின் கல்வி நூலும் வகுப்பறையும்

கல்வியைப் பற்றி எழுதப்படும் நூல்கள் இருவகைப்படும். வகுப்பறையில் பல்லாண்டு பழகியோர் தம் பட்டறிவை எடுத்துரைப்பவை ஒருவகை. உளநூல் ஆய்வாளர் தாம் கண்ட உண்மைகளைப் பள்ளிக்குப் பொருத்திக் காட்ட முயல்பவை மற்றொரு வகை. முன்னவை ஆசிரியரின் நெஞ்சில் எளிதில் இடம்பெறும். பின்னவை பாடத்திட்டம் வகுப்போரை விரைவில் கவரும். ஜெரோம் புரூனர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கல்வியின் செயல்முறை’ என்னும் ஆங்கில நூல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. நூறு பக்கங்களுக்கும் குறைந்த இச்சிறு நூலின் பெயரைச் சொல்லாத ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அரிது. ஆயினும், அதனைப் புகழ்ந்தோர் பலர். நிறுத்து நோக்கியோர் சிலர். அதன் நிறைகுறைகளை ஆராய்தல் தமிழாசிரியர்க்கும் பயன் தருவதாகும்.

நூல் எழுந்த சூழல்

1957 அக்டோபரில் சோவியத்து நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை விண்ணிற் செலுத்திற்று. அமெரிக்க மக்கள் திடுக்குற்றனர். தம் பள்ளிகளில் அறிவியல் போதிக்கும் முறையே பழுதுடையதோ என்னும் ஐயம் அங்கு வலுப்பெற்றது. 1959 செப்டம்பரில் தேசிய அறிவியல் கழகத்தின் அழைப்பை ஏற்று, வூட்ஸ் ஹோல் என்னும் கடற்கரையூரில் அறிஞர் 35 பேர் 10 நாட்கள் கூடி ஆராய்ந்தனர். கணித அறிஞர், பௌதிக அறிஞர், உயிர்நூலார், உளநூலார் எனப் பலதுறையினரும் அங்கிருந்தனர். ஜெனீவாவில் பியாஜேயுடன் பணிபுரிந்த பார்பெல் இன்ஹெல்டர் அம்மையாரும் கலந்துகொண்டார். கூட்டத்திற்குத் தலைமை தாங்கிய ஹார்வர்டுப் பேராசிரியர் புரூனர், அங்கு விளைந்த கருத்துகளைத் திரட்டி எழுதியதே இந்நூல்.

நூலின் சிறப்பு

நூலின் உயிர்நாடியான கருத்து ஒன்றே. ஒரு பாடத்தின் உதிரிச் செய்திகளை மனப்பாடம் செய்வித்தல் கல்வியாகாது. அச்செய்திகளைப் பிணைத்து நிற்கும் அமைப்பை மாணவன் உணர வேண்டும் என்பதே அது. இதனை விளக்க அவர் காட்டும் புவியியல் வகுப்பு நினைவிற் கொள்ளத்தக்கது. ஆறாம் வகுப்புச் சிறுவர்க்கு ஊர்ப்பெயர் ஒன்றும் இல்லாத நிலப்படம் தரப்படுகிறது. ஆறுகளும் ஏரிகளும் இயற்கை வளங்களுமே அதில் குறிக்கப்பட்டுள்ளன. பெருநகரங்கள் எங்கே தோன்றியிருக்கும் என்று அவர்களே எண்ணிக் கூற வேண்டும். சிகாகோவின் இடத்தைத் தேடி அவர்கள் தம்முள் வழக்காடுகின்றனர். நகரங்களின் பட்டியலை ஒப்பிப்பது வேறு. நகரம் தோன்றும் காரணத்தை அறிவது வேறு என்பது இதனாற் புலனாகும்.

அடுத்த சிறப்பு, ‘சுருள்முறைப் பாடத்திட்டம்’. ஒரு கருத்தை ஒருமுறை கற்பித்து முடித்துவிடாமல், இளம் வகுப்பில் எளிய வடிவிலும் மேல் வகுப்புகளில் மேன்மேலும் நுட்பமாகவும் மீண்டும் மீண்டும் கொணர்தலே இதன் இயல்பு. திரும்ப வருவது சொல் அன்று, பொருள். அதுவும் முன்னினும் ஆழ்ந்து வருவது. வெறும் திருப்புதலுக்கும் சுருள்முறைக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

நூலின் குறை

இனி, குறைகள். உரிய வடிவில் மாற்றித் தந்தால் எப்பருவத்துக் குழந்தைக்கும் எப்பாடத்தையும் உண்மை சிதையாமல் கற்பிக்கலாகும் என்பது புரூனரின் துணிபு. இதனை அவர் ஒரு கருதுகோளாகவே முன்வைத்தார். மெய்ப்பிக்கப்பட்ட விதியாக அன்று. பின்வந்தோர் கருதுகோளை விதியாக்கினர். உரிய வடிவம் எது, அதனை ஆக்குபவர் யார் என்னும் வினா பின்தள்ளப்பட்டது.

இரண்டாவதாக, பாடத்தின் அமைப்பை அறிஞர் காண்பதுபோல் குழந்தை காண்பதில்லை. 1973இல் சேஸ், சைமன் என்னும் இருவர் சதுரங்க ஆட்டக்காரரை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு ஒளி தரும். உண்மை ஆட்டத்தின் நிலையைச் சில நொடி காட்டி மறைத்தபோது, வல்லுநர் அதனைப் பெரும்பாலும் திரும்ப அமைத்தார், புதியவரால் இயலவில்லை. காய்களை ஒழுங்கின்றிப் பரப்பிக் காட்டியபோது வல்லுநரின் மேன்மை ஏறக்குறைய மறைந்தது. வல்லுநரின் பார்வை அவர் பழகிய ஆயிரக்கணக்கான நிலைகளின் விளைவு என்பது இதன் பொருள். தனிச் செய்திகளிற் பழகாதவனுக்கு அமைப்பை மட்டும் ஊட்டுதல், சுவரின்றிக் கூரை வேய்தலை ஒக்கும். அக்காலத்தில் அமெரிக்கப் பள்ளிகளிற் புகுந்த ‘புதுக்கணிதம்’ இப்பிழைக்கே இரையாயிற்று. சிறுவர் கணங்களின் பெயரை அறிந்தனர், கூட்டலில் தடுமாறினர் என்று 1973இல் மோரிஸ் கிளைன் தம் நூலிற் சாடினார்.

மூன்றாவது குறையைப் புரூனரே உணர்ந்தார். மாணவர் அனைவரும் கற்கும் விருப்போடு பள்ளிக்கு வருகின்றனர் என்று முன்னர்க் கருதிவிட்டதையும், வறுமையும் இல்லச்சூழலும் கல்வியைத் தடுப்பதை எண்ணாது விட்டதையும் 1971இல் எழுதிய கட்டுரையில் ஒப்புக்கொண்டார். தம் நூலைத் தாமே திறனாய்ந்த இந்நேர்மை போற்றுதற்குரியது.

சிங்கப்பூர் காட்டிய வழி

இதே புரூனரின் கருத்து பிறிதோரிடத்தில் வேறு விளைவைத் தந்தது. செயல், உருவம், குறியீடு என மூன்று படிகளில் அறிவு நிலைபெறுகிறது என்று அவர் 1960களில் எழுதினார். 1980இல் சிங்கப்பூரில் நிறுவப்பெற்ற பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் இதனைத் தொடக்கப்பள்ளிக் கணிதத்திற்கு அடிப்படையாகக் கொண்டது. முதலில் பொருள்களைக் கையாளுதல், பின்னர்ப் படம், இறுதியில் எண்ணும் குறியும் என்பது அதன் வரிசை.

இருவரிடம் சேர்த்து 20 கோலிகள் உள்ளன. கண்ணனைவிட முருகனிடம் 6 கூடுதல் என்பது கணக்கு. மாணவன் கண்ணனுக்கு ஒரு பட்டையும், அதற்குக் கீழே முருகனுக்குச் சற்று நீண்ட பட்டையும் வரைகிறான். மிஞ்சும் துண்டு 6. அதனை நீக்கினால் எஞ்சுவது 14. அதிற் பாதி 7. கண்ணனிடம் 7, முருகனிடம் 13. இயற்கணிதக் குறியீடு கல்லாத சிறுவனும் அதன் உட்பொருளைப் படத்தில் கண்டுவிடுகிறான்.

1995இல் நடந்த அனைத்துலகக் கணித, அறிவியல் ஆய்வில் நான்காம், எட்டாம் வகுப்புகளின் கணிதத்தில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. இவ்வெற்றி முழுவதும் ஒரு கொள்கையால் வந்தது என்பது மிகையாகும். எனினும் ஒன்று தெளிவு. அங்கே ஆய்வுக் கருத்து, பாடநூலின் பக்கமாகவும் ஆசிரியர் கையிற் பிடிக்கும் பொருளாகவும் மாறிய பின்னரே வகுப்பிற்குள் நுழைந்தது.

தமிழ்ப் பாடத்திற்கு இதனால் வருவது

‘நன்னூல்’ பாயிரமும் மாணாக்கனின் கொள்ளும் திறனறிந்து கற்பிக்குமாறு ஆசிரியனுக்குப் பணிக்கிறது. கேட்டதை மீண்டும் சிந்தித்தலையும், உடன்பயில்வோரோடு கலந்து பழகுதலையும் மாணாக்கனுக்கு விதிக்கிறது. அதனைக் காட்டி, முன்னோர் அன்றே அனைத்தும் அறிந்தனர் என்று மகிழ்ந்து அமைதல் ஆராய்ச்சியாகாது; அந்நெறி இன்றைய வகுப்பில் நிகழ்கிறதா என்று வினவுதலே ஆராய்ச்சி.

வேற்றுமையை எடுத்துக்கொள்க. எட்டின் பெயரையும் உருபையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கச் செய்து, தேர்வோடு மறக்கவிடுதல் ஒரு முறை. சுருள்முறை வேறு. கீழ்வகுப்பில் கத்தியையும் பழத்தையும் கையில் தந்து, ‘கத்தியால் பழத்தை வெட்டினேன்’ என்று பேசச் செய்யலாம். நடுவகுப்பில், உருபை மாற்றினால் பொருள் மாறுவதை வாக்கியங்களில் காணச் செய்யலாம். மேல்வகுப்பில் ‘தேர்ப்பாகன்’, ‘பொற்குடம்’ என்பவற்றைத் தந்து, மறைந்து நிற்கும் உருபையும் சொல்லையும் கண்டுபிடிக்கச் செய்யலாம். அப்போது தொகைநிலை புதுப் பாடமாகத் தோன்றாது; பழகிய நண்பன் புத்தாடை அணிந்து வந்ததுபோல் தோன்றும்.

வீட்டில் தமிழ் வழங்காத குழந்தைக்கு இது இன்றியமையாதது. 2005இல் சிங்கப்பூர்த் தமிழ்மொழிப் பாடத்திட்ட ஆய்வுக்குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடமளிக்கப் பரிந்துரைத்ததும் இத்தகைய குழந்தைகளை எண்ணியே. பேச்சில் பழகாத உருபை ஏட்டில் மட்டும் கண்டவன், அதனை மொழி என்று உணரான். தேர்வுக்குரிய சூத்திரம் என்றே கொள்வான். பள்ளியை விட்டதும் தமிழையும் விட்டுவிடுவான்.

2016இல் மறைந்த புரூனர் விட்டுச்சென்ற நூல் படிக்கத்தக்கது. ஆனால் வேதமாகக் கொள்ளத்தக்கதன்று. விதை நல்லதாயினும், நிலத்தின் தன்மை அறிந்து விதைப்பவன் உழவனே. ஆய்வாளர் தருவது விதை. வகுப்பறையாகிய நிலத்தை அறிந்தவர் ஆசிரியர். அவர் கை படாத கொள்கை எதுவும் கல்வியாக விளைந்ததில்லை.