பாவித்த செட் விற்பனைக்கு

‘நல்ல கண்டிஷன். அவசர விற்பனை. விலை பேசலாம்.’ பாவித்த அம்ப், ஸ்பீக்கர், ரெக்கோட் பிளேயர் விளம்பரங்கள் பெரும்பாலும் இவ்வளவோடு முடிந்துவிடும். இதை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியில் மாத்தளைக்கு யார் பஸ் ஏறுவார்? மாத்தளையிலோ தம்புள்ளையிலோ இருந்து செட் விற்பவருக்கு வெளியூர்க்காரர்தான் பாதி வாடிக்கை. அவர் காது செய்ய வேண்டிய வேலையை அந்த நாலு வரி செய்ய வேண்டும். அதை அழகாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் எண்ணம் இல்லாதபோதும் அவர்கள் எழுதுவதைத் தேடி வாசிப்பேன்.

கைதேர்ந்தவர் முகப்புக்கு முன் முதுகைக் காட்டுவார். சன்சுயி, பயனியர் காலத்து வெள்ளி முகப்பும் ஆடும் மீட்டர் முள்ளும் இரண்டாவது படத்துக்குப் போதும். முதல் படம் பின்பக்கத் தகடு: கடைசி எழுத்து வரை தெரியும் மொடல் இலக்கம், எத்தனை வோல்ட், எத்தனை வாட் இழுக்கும். ஜப்பானில் ஓடி இங்கே வந்திறங்கிய செட்டுகளுக்கு 100 வோல்ட். நம் வீட்டுக் கரண்ட் 230. நேரே சொருகினால் புகைதான். ‘டிரான்ஸ்ஃபோமருடன்’ என்று எழுதி, அந்த டிரான்ஸ்ஃபோமர் எத்தனை வாட் தாங்கும் என்பதையும் சேர்ப்பவர் விஷயம் தெரிந்தவர்.

ரெக்கோட் பிளேயரில் இன்னொரு கண்ணி. ஜப்பானின் கிழக்கில் 50 ஹேர்ட்ஸ், மேற்கில் 60. தோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கிய 19ஆம் நூற்றாண்டுப் பிரிவினை இன்றும் தீரவில்லை. கரண்டின் ஹேர்ட்ஸைப் பிடித்தே சுழலும் பழைய மோட்டாரில் ஒசாகாவுக்கான கப்பி இருந்தால், இங்கே 50 ஹேர்ட்ஸில் 33⅓ சுற்று 28க்கும் கீழே வந்துவிடும். சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரல் மூன்று அரைச்சுரம் இறங்கித் தூக்கக் கலக்கத்தில் பாடும். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2க்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் வேகத்தைக் குவார்ட்ஸ் பார்த்துக்கொள்ளும். ஜப்பான் டியூனர் என்றால் எஃப்எம்மில் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் எடுக்கும் என்று ஒரு வரி வேண்டும். நம் நிலையங்களில் பல அதற்கு மேலே.

ஆனால் எனக்குப் பிடித்த பகுதி, பழுதைச் சொல்லும் பகுதி. ‘சின்னப் பிரச்சினை ஒன்று உண்டு’ என்பது மழுப்பல். ‘வொலியூம் குமிழைத் திருப்பும்போது இடது பக்கம் கரகரக்கும், நிறுத்தினால் தெளியும்’ என்பது எழுத்து. வாசித்த மாத்திரத்தில் சத்தம் காதில் விழுகிறது. குமிழுக்குள் தூசி, துடைத்தால் சரியாகலாம் என்று வாங்குபவரே கணக்குப் போடுகிறார். ஸ்பீக்கர் கோனைச் சுற்றிய விளிம்பு ஃபோமா ரப்பரா என்பதையும் சொல்ல வேண்டும். ஃபோம் ஈரக்காற்றில் உளுத்து, விரல் பட்டால் பொடியாக உதிரும். மாத்தளை மாவட்டத்து இறத்தோட்டைப் பக்கத்து மழைக்கும் பனிக்கும் அது சீக்கிரம் நடக்கும். ‘விளிம்பு மாற்றியது’ என்று எழுதினால் மதிப்புக் குறையாது, கூடும். கேசட் டெக்கில் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கிறதா என்பதைத் திறந்து பார்த்தவர்தான் எழுத முடியும்.

‘1000 வாட் பிஎம்பிஓ’ என்று கண்டால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடலாம். அது வெறும் உச்சக் கணக்கு. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு, எத்தனை ஓமில் என்பதுதான் கணக்கு. அதைவிட முக்கியம் செட்டின் பூர்வீகம். வீட்டில் மாலை வேளைகளில் பாட்டுக் கேட்ட செட்டா, மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்கள் வீதி வலம் வரும்போது பகலிரவாக அலறிய செட்டா? இரண்டாவது வகை உழைத்த செட். அதற்கும் ஆள் உண்டு, விலைதான் வேறு.

ஊசி எப்போது மாற்றியது, யார் திருத்தியது, எந்தப் பாகம் அசல் இல்லை என்பதையும் எழுதிவிட்டால் விலையைத் துணிந்து போடலாம். ‘உங்கள் ரெக்கோட்டைக் கொண்டுவந்து போட்டுக் கேளுங்கள்’ என்று அழைப்பவரிடம் நான் பேரம் பேசுவதில்லை. ரெக்கோட் பிளேயரைப் பஸ்ஸில் பார்சல் அனுப்புகிறவர் சுழல்தட்டையும் ஊசிக் கையின் பின்னெடையையும் கழற்றித் தனியாகச் சுற்றுவதாக எழுதியிருந்தால், முற்பணம் போடவும் எனக்குத் தயக்கமில்லை.