பச்சை மேடும் பழைய பெட்டியும்

போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் ஒரு டி.டி.பி. கடை. வாசலில் நின்றால் மேற்கே மலைத்தொடர். உள்ளே திரும்பினால் கணினித் திரையில் வேறொரு பச்சை மேடு, அதன் மேல் நீல வானம், கொஞ்சம் மேகம். விண்டோஸ் எக்ஸ்பி. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் இன்னும் அந்தப் பெட்டியில்தான் தயாராகின்றன. பக்கத்திலேயே புதுக் கணினி ஒன்று உறை போட்டு மூடிக் கிடக்கிறது. கேட்டால், "என்ன இருந்தாலும் இது மாதிரி வராதுண்ணே" என்கிறார் கடைக்காரர்.

அந்த 'வராது' எந்த அளவுக்கு உண்மை? பழைய இயங்குதளத்துக்கு ஏங்குபவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: அது பாரமில்லாமல் ஓடியது, அது நம் கைக்குள் இருந்தது, நம் வேலை அதில்தான் நடக்கிறது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைப்பதால்தான் விவாதம் முடிவதில்லை. தனித்தனியே நிறுத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன், திரையில் தெரியும் அந்தப் பச்சை மேட்டின் படம். 1996 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில் சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் எடுத்தது. பார்த்தால் கன்னி நிலம் போலத் தெரியும். உண்மையில் அது திராட்சைத் தோட்டம். வேரைத் தாக்கும் பூச்சி விழுந்து, கொடிகளைப் பிடுங்கி எறிந்தபின் முளைத்த புல்தான் அந்தப் பச்சை. பிறகு அங்கே மறுபடியும் திராட்சை நட்டுவிட்டார்கள். மலைக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செடி அழுகிப்போன தோட்டமும் தூரத்துப் பார்வைக்குப் பசுமையாகவே இருக்கும்.

எக்ஸ்பி பற்றிய நினைவிலும் இந்தத் தூரத்துப் பசுமை உண்டு. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி அப்படியொன்றும் நிம்மதி தரவில்லை. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு பரவியபோது, இணையத்தில் இணைத்த கணினி அறுபது வினாடி எண்ணிவிட்டுத் தானாக அணைந்து மறுபடி தொடங்கியது. ஃபயர்வால் எனும் தடுப்புச்சுவர் தானே இயங்கும்படி செய்யப்பட்டது 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாவது திருத்தத் தொகுப்பில்தான். நாம் 'அருமை' என்று சொல்லும் எக்ஸ்பி மூன்று வருடம் ஒட்டுப்போட்டுச் சரிசெய்த எக்ஸ்பி. புதிய தளங்கள் ஓயாமல் கேட்கும் அப்டேட்டுகளைத் திட்டுகிறோம். பழையதை நல்லதாக்கியதும் அதே அப்டேட்டுகள்தான்.

ஆனாலும் 'பாரமில்லாமல் ஓடியது' என்ற முதல் வாதம் விழுந்துவிடவில்லை. எக்ஸ்பிக்குக் குறைந்தபட்சம் 64 எம்பி நினைவகம் போதும். விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி, அதாவது 64 மடங்கு. கல்யாணப் பத்திரிகை 64 மடங்கு வளர்ந்துவிட்டதா? அதே பிள்ளையார், அதே முகூர்த்த நேரம், அதே 'தங்கள் நல்வரவை'. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பும் முடிந்தது. நன்றாக ஓடும் எத்தனையோ கணினிகளை, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு இல்லை, செயலி பட்டியலில் இல்லை என்று விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிறது. இந்த இடத்தில் ஏக்கம் சரியான குற்றச்சாட்டாகிறது.

இரண்டாவது வாதம், 'நம் கைக்குள் இருந்தது' என்பது. இது நிற்காது. நிறுவியபின் மைக்ரோசாஃப்டிடம் பதிந்து அனுமதி பெறும் முறையை விண்டோஸுக்குள் கொண்டுவந்ததே எக்ஸ்பிதான். நமக்கு அந்தத் தொல்லை தெரியாமல் போனதற்குக் காரணம், சென்னை ரிச்சி தெரு முதல் நம்மூர் கடைவீதி வரை புழங்கிய நகல் சிடி. உண்மையிலேயே கைக்குள் இருக்கக்கூடிய தளம் ஒன்று பிறகு வரத்தான் செய்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் அது. எக்ஸ்பிக்கான பராமரிப்பு 2014 ஏப்ரல் 8-ல் நின்றபோது, தமிழக அரசு தன் அலுவலகங்களை அதற்கு மாறச் சொன்னது. அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலும் தொடக்கத்தில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. இன்று பாஸுக்காக ஏங்கும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நம் ஏக்கம் சுதந்திரத்துக்கானது என்றால் அதற்கல்லவா ஏங்கியிருக்க வேண்டும்?

மூன்றாவது வாதம்தான் கனமானது. கடைக்காரரின் வேலை பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி வகை எழுத்துருவில் நடக்கிறது. அவ்வகை எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைக்கும். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் தமிழே கிடையாது. தமிழ்ச் சட்டை போட்ட ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. எழுத்துருவைக் கழற்றினால் 'அம்மா' என்பதும் புரியாத கிறுக்கலாகிவிடும். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் தரும் யூனிகோடை 2010-ல் தமிழக அரசு தரமாக ஏற்றது. ஆனால் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-ல் வந்த ஏழாவது. யூனிகோடு தமிழ் அதற்குப் புரியாது. வாசகத்தை மாற்றித் தர மாற்றிகள் உண்டு; பக்க அமைப்பை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். இருபது வருட வேலை உள்ளே கிடக்க, சாவி அந்த ஒரு பெட்டியிடம் இருக்கிறது. இதற்குப் பெயர் ஏக்கம் அல்ல, சிறை.

சரி, பழைய பெட்டி ஆபத்தில்லையா? 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை தாக்கியபோது எல்லோரும் எக்ஸ்பியைத்தான் கைகாட்டினார்கள். காஸ்பர்ஸ்கி நிறுவனம் கணக்கெடுத்தபோது, பாதிக்கப்பட்டவற்றில் ஏறக்குறைய 98 விழுக்காடு விண்டோஸ் 7 என்று தெரிந்தது. அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தும் பலர் போடவில்லை. ஆக, மூப்பு மட்டும் குற்றமில்லை. கவனிப்பு நின்றுபோவதுதான் குற்றம். எக்ஸ்பிக்குக் கவனிப்பு நிரந்தரமாக நின்றுவிட்டது. அதனால்தான் 2019 ஜூனுக்குள் ஏடிஎம்களை அத்தகைய தளங்களிலிருந்து மாற்றிவிட வேண்டும் என்று 2018-ல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு வைத்தது. பட்டா, ஆதார், பணப் பரிமாற்றம் என்று அடுத்தவர் விவரம் புழங்கும் வேலையை இந்தப் பெட்டியில் செய்வது தவறு. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

மாற்றத்துக்கு இந்த வட்டாரம் எதிரியுமில்லை. சத்தம் போட்டுக் கேட்ட ஏலக்காய் ஏலத்தை 2007-ல் நறுமணப் பொருள் வாரியம் கணினிக்குக் கொண்டுபோனது; போடி வியாபாரிகள் பட்டன் அழுத்தப் பழகிக்கொண்டார்கள். பொறுப்பெடுக்க ஒரு வாரியம் இருந்தது. ரயிலில் நடந்தது வேறு. 1928-ல் வந்த போடி மீட்டர்கேஜ் பாதையில் 2010 முடிவோடு வண்டி நின்றது. அகலப் பாதையில் வண்டி போடிக்கு வந்து சேர்ந்தது 2023 ஜூன் 15-ல். இடையில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஊரில் ரயிலே இல்லை. அந்தக் காலத்தில் பழைய வண்டியை நினைத்து ஏங்கியவரைப் பத்தாம்பசலி என்று யார் சொல்ல முடியும்? டி.டி.பி. கடைக்காரர் நிற்பதும் அப்படி ஓர் இடைவெளியில்தான். பழைய தண்டவாளத்தைப் பிடுங்கியாயிற்று, புதியதை அவரே போட்டுக்கொள்ள வேண்டும்.

தீர்ப்பு இதுதான். எக்ஸ்பியின் புகழுரையாக இந்த ஏக்கம் தோற்கிறது. பின்னால் வந்தவற்றின் ஊதாரித்தனம் மீதான புகாராக ஜெயிக்கிறது. வேலையைப் பூட்டிவைக்கும் மென்பொருளுக்கு எதிரான சாட்சியாக அது மிக வலுவானது. ஆகவே பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பழைய கோப்புகளைத் திறக்கும் சாவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாளை வரும் புதிய பத்திரிகையை உறை போட்ட அந்தக் கணினியில், யூனிகோடில் அடிக்கட்டும். இன்று பத்திரிகை அடிக்க வரும் மாப்பிள்ளை, முப்பது வருடம் கழித்துத் தன் மகனுக்கு அடிக்க வரும்போது, "அப்ப மாதிரியே போட்டுக் குடுங்கண்ணே" என்று கேட்பார். அன்றைக்கு அந்தக் கோப்பு எந்தப் பெட்டியிலும் திறக்க வேண்டும்.