சாவு வீட்டுக்கு ஒரு விலைப்பட்டியல்: அமெரிக்க விதியும் செஞ்சியும்

அமெரிக்காவில் ‘ஃப்யூனரல் ரூல்’ என்று ஒரு விதி இருக்கிறது. ஃபெடரல் டிரேட் கமிஷன் கொண்டுவந்தது, 1984-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. சாவு வீட்டாரிடம் விலையை எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் விஷயம். படிக்கிற யாருக்கும் ‘இதை அப்படியே இங்கே கொண்டுவரலாமே’ என்று தோன்றும். முழுசாகப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது வேறு: அப்படியே கொண்டுவந்தால் செஞ்சியில் பெட்டி விற்கிற ஒருத்தரைக்கூட அது கட்டுப்படுத்தாது.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நேரில் வந்து கேட்கிற யாருக்கும் கையில் எடுத்துப்போகிற மாதிரி விலைப்பட்டியல் கொடுக்க வேண்டும். போனில் கேட்டாலும் விலையைச் சொல்ல வேண்டும். பெட்டியை வெளியே வாங்கி வந்தால் மறுக்கக்கூடாது. 1994 திருத்தத்துக்குப் பிறகு அதற்காகத் தனிக் கட்டணமும் வாங்கக்கூடாது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. சவப்பெட்டிகளைக் காட்டுவதற்கு முன்னால் பெட்டிகளின் விலைப்பட்டியலைக் காட்டிவிட வேண்டும். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் பளபளக்கிற பெட்டியைப் பார்த்த பிறகு, ‘அப்பாவுக்கு இதைவிடக் கம்மியா ஏதாவது இருக்கா?’ என்று எந்த மகனுக்கும் வாய் வராது. விதி விலைக்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. எது முதலில், எது பிறகு என்கிற வரிசையை மட்டும் மாற்றுகிறது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் புரியும், வரிசை மாறினாலே விடை மாறும்.

குறைகளும் உண்டு. பட்டியலை இணையதளத்தில் போட வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. பிரிட்டன் 2021-ல் கொண்டுவந்த உத்தரவு, கடையிலும் இணையதளத்திலும் ஒரே மாதிரியான பட்டியலை வைக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் 2024-ல்கூட, கமிஷனே போன் போட்டு விசாரித்துவிட்டு 39 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டி வந்தது. விதிக்கு அப்போது வயசு நாற்பது.

நமக்கு முக்கியமான குறை அதன் வரையறையில் இருக்கிறது. பொருளும் சேவையும் சேர்த்து விற்கிறவரைத்தான் விதி பிடிக்கும். பெட்டி மட்டும் விற்கிறவர் அதற்குள் வரமாட்டார். அங்கே ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டி விற்றது. அந்தக் கட்டைப் பிரிக்க எழுதப்பட்ட விதி அது.

இங்கே கட்டு ஏற்கெனவே பிரிந்துதான் கிடக்கிறது. பெட்டி ஒருத்தர், ஐஸ் பெட்டி வாடகை இன்னொருத்தர், சாமியானா-சேர் வேறு கடை, சொர்க்க ரதம் தனி, மேளம் தனி, குழி வெட்டுகிறவர் தனி. ஆறு பேர், ஆறு பேரம். விலை எங்கேயும் எழுதியிருக்காது. ‘முதல்ல காரியம் முடியட்டும் சார், பாத்துக்கலாம்’ என்பதுதான் நமது விலைப்பட்டியல். அந்த நேரத்தில் அலைகிறது பெரும்பாலும் ஒரு மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரோ. அவருக்குப் பேரம் பேசக் கூச்சம். பேசினால் ‘சாவுல போய்க் கணக்குப் பாக்குறான்’ என்று பேர் வரும்.

நம் சட்டம் என்ன செய்கிறது? 2011-ன் பொட்டலப் பொருள் விதிகளில் எம்ஆர்பி இருக்கிறது. ஆள் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்கிற பெட்டி பொட்டலப் பொருள் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலையைத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. பில் தர மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது வேலை செய்ய யாராவது புகார் கொடுக்க வேண்டும். கருமாதி முடிந்து ஐஸ் பெட்டி வாடகைக்காக விழுப்புரத்துக்கு அலைந்து வழக்குப் போடுகிறவர் யார்?

ஆகவே விற்கிறவரைத் தேடிப் போகிற விதி நமக்கு உதவாது. எல்லாச் சாவும் கடந்து போகிற இடத்தைப் பிடிக்கிற விதிதான் வேண்டும். அப்படி இரண்டு இடம் உண்டு: அரசு மருத்துவமனை, சுடுகாடு அல்லது இடுகாடு. இரண்டு வாசலிலும் ஒரு போர்டு போதும். குழி வெட்ட, எரிக்க, ஐஸ் பெட்டிக்கு ஒரு நாளைக்கு, வண்டிக்கு, சாதாரணப் பெட்டிக்கு இவ்வளவு என்று, அந்தந்த ஆட்களோடு உட்கார்ந்து பேசிப் பேரூராட்சி வருஷத்துக்கு ஒரு தடவை எழுத வேண்டும். இலவசமாகக் கிடைப்பது மேலே வர வேண்டும்: அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி, எண் 155377, 21 நாளுக்குள் செய்தால் இறப்புப் பதிவுக்குக் கட்டணம் இல்லை.

‘இது ஏழை வியாபாரி வயித்துல அடிக்கிறது’ என்று சொல்வார்கள். பெட்டிக் கடைக்காரருக்கு வேண்டுமானால் கொஞ்சம் இடிக்கலாம். ஆனால் விலை எழுதாததால் அதிகம் நஷ்டப்படுகிறவர் குழி வெட்டுகிறவரும் மேளம் அடிக்கிறவரும்தான். சாதியைச் சொல்லி அந்த வேலையில் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். ‘கொடுக்கிறதை வாங்கிக்கோ’ என்பதும், கூலியில் பாதியைக் குவார்ட்டராகக் கழிப்பதும் அவர்களிடம்தான் நடக்கிறது. போர்டில் எழுதின தொகை அவர்களுக்குக் கூலி; இப்போது கிடைப்பது தயவு.

செஞ்சிக்கோட்டை வாசலில் தொல்லியல் துறை நுழைவுக் கட்டணத்தைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது, உள்ளூர்க்காரருக்கு எவ்வளவு, வெளிநாட்டவருக்கு எவ்வளவு என்று. மலையேறிப் பார்க்க வருகிறவருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது, வேண்டாமென்றால் திரும்பியும் போகலாம். இடுகாட்டு வாசலுக்கு வருகிறவருக்கு இரண்டும் கிடையாது. போர்டு அங்கேதான் முதலில் வந்திருக்க வேண்டும்.