கயிறு யார் கையில்?

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். புதிதாகத் திறந்த பரோட்டாக் கடைக்குக்கூட எழுதியாகிவிட்டது. ஆனால், ஆயிரக்கணக்கில் பணத்தை வாங்கிக்கொண்டு நம்மை நடுக்கடலில் இறக்கிவிடுகிற ஒரு வழவழ காகிதம் இருக்கிறதே... அதை யாரும் விமர்சிப்பதில்லை. இந்த வாரம் அதைத்தான் கையில் எடுத்திருக்கிறேன்.

காகிதத்தைக் கொண்டுவந்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர். வயது 61. தெற்கு மாசி வீதியில் ஒரு நகைக்கடையில் 30 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரில் இருக்கும் மகன், கல்யாண நாள் பரிசாக, அப்பா அம்மாவுக்குக் கொச்சியிலிருந்து லட்சத்தீவு போகிற கப்பலில் டிக்கெட் போட்டுவிட்டான்.

‘‘தம்பி, நீங்க காமர்ஸ் படிச்சவரு. இதுல எதை எடுத்தா நஷ்டமில்லைனு பாத்துச் சொல்லுங்க’’ என்று காகிதத்தை நீட்டினார்.

கப்பல் டிக்கெட் எடுத்தால் கதை முடிந்தது என்று நினைப்போம். அங்கேதான் ஆரம்பிக்கிறது. தீவில் இறங்கி என்ன செய்யப்போகிறீர்கள் என்பதற்குத் தனிப் பட்டியல், தனிக் கட்டணம். ‘ஷோர் எக்ஸ்கர்ஷன்’ என்று பெயர். அவர் பட்டியலில் மூன்று இருந்தன. ஒன்று, கண்ணாடித் தளம் போட்ட படகில் உட்கார்ந்தபடியே மீன் பார்ப்பது. இரண்டு, ஒரு மணி நேர ஸ்நார்க்கலிங். மூன்று, சாப்பாட்டோடு சேர்த்து மூன்று இடங்களில் ஐந்து மணி நேர ஸ்நார்க்கலிங்.

ஸ்நார்க்கலிங் என்பது பெரிய வித்தை இல்லை. முகத்தில் கண்ணாடி மாஸ்க், வாயில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான குழாய். தண்ணீரில் குப்புற மிதந்துகொண்டு, குழாய் வழியாக மூச்சு விட்டபடி கீழே பார்க்க வேண்டும். அவ்வளவுதான். குழாயை இன்னும் நீளமாக வைத்தால் இன்னும் ஆழமாகப் போகலாமே என்று கேட்காதீர்கள். நாம் விட்ட மூச்சே குழாய்க்குள் தங்கி, அதையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். மயக்கம்தான் மிச்சம்.

கொச்சிக் கப்பலில் லட்சத்தீவு போவது புதுக் கதை இல்லை. லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ‘ஸ்போர்ட்ஸ்’ பல வருடங்களாக நடத்திவந்த ‘சமுத்திரம்’ பயணத்தில் கவரத்தி, கல்பேனி, மினிகாய் என்று மூன்று தீவுகள். பகலில் தீவு, ராத்திரி கப்பலில் தூக்கம். மொத்த லட்சத்தீவின் நிலப்பரப்பே 32 சதுர கிலோமீட்டர்தான். ஆனால், தீவுகளைச் சுற்றியுள்ள லகூன் 4,200 சதுர கிலோமீட்டர். லகூன் என்றால் பவளப்பாறை வேலி போட்ட குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலையைப் பாறை வாங்கிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் சாதுவாக இருக்கும். கப்பல் வேலிக்கு வெளியே நிற்கும். அங்கிருந்து சின்னப் படகில் மாறித்தான் தீவுக்குப் போக வேண்டும்.

சரி, காகிதத்துக்கு வருவோம்.

முதலில் படம். மஞ்சள் மீன் கூட்டம். கைக்கெட்டும் தூரத்தில் ஆமை. மாஸ்க்குக்குள் சிரிக்கும் ஒரு பெண். பிறகு வாசகங்கள். ‘வாழ்நாள் அனுபவம்’, ‘வண்ணங்களின் சொர்க்கம்’, ‘மறக்க முடியாத நாள்’. எல்லாம் பெயரடைகள். ஓர் எண்ணைக் காணோம். கல்லூரியில் எங்கள் கணக்கியல் பேராசிரியர் சொல்வார்: ‘‘பேலன்ஸ் ஷீட்டுல பெரிய எழுத்தைப் படிக்கிறவன் முதலீட்டாளன். பொடி எழுத்தைப் படிக்கிறவன் ஆடிட்டர்.’’ நான் பொடி எழுத்துக்குப் போனேன். ‘நேரம் மாறுதலுக்கு உட்பட்டது’, ‘வானிலை அனுமதித்தால்’, ‘பணம் திருப்பித் தரப்படாது’. அப்புறம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ‘நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை’.

இந்தக் கடைசி வரி பாதி உண்மை. லைஃப் ஜாக்கெட் போட்டால் மிதப்போம். சரிதான். ஆனால், மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது? குழாயில் உப்புத் தண்ணீர் ஏறினால் ஊதி வெளியேற்ற வேண்டும் என்று கை கால் உதறும் நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? ஹவாய் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் கடலில் உயிர் விடும் சம்பவங்களில் ஸ்நார்க்கலிங்கின்போது நடப்பவைதான் அதிகம். அங்கே போகிறவர்கள் எல்லாம் நீச்சல் தெரியாதவர்களா என்ன?

நம்ம ஊருக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிறவர்கள் நாம். அழகர் ஆற்றில் இறங்க அணையைத் திறந்துவிட வேண்டும். கிராமத்துப் பையனாவது முதுகில் சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துப் படித்திருப்பான். மாசி வீதிக்காரருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

இவ்வளவு விவரமாகப் பேசுகிற நான் யோக்கியமா என்றால், இல்லை. சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு இப்படி ஒரு தீவுக்குப் போனேன். எந்தத் தீவு, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். தப்பில் பாதி என்னுடையது. எங்களுக்கும் இதே மாதிரி பட்டியல்தான். நான் என் பட்டப் படிப்பைக் காட்டினேன். கட்டணத்தை மணியால் வகுத்தேன். ஐந்து மணி நேரப் பயணம்தான் மணிக்கு மிகக் குறைவு. ‘‘பாத்தியா!’’ என்று மனைவியிடம் பெருமை வேறு.

அந்த ஐந்து மணி நேரத்தில் படகுக்குக் காத்திருந்தது ஐம்பது நிமிடம். போக, வர, சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம். இரண்டாவது இடத்தில் நீரோட்டம் அதிகம் என்று இறக்கவே இல்லை. தண்ணீருக்குள் இருந்தது மொத்தமே முப்பத்தைந்து நிமிடம். நாங்கள் 18 பேர். வழிகாட்டி ஒருவர். அவரும் விசிலோடு படகில்தான் நின்றார்.

என் மாஸ்க் ஒழுகியது. கண்ணெல்லாம் உப்பு. பதறிப்போய்க் காலை ஊன்றினேன். ‘மளுக்’ என்று ஏதோ ஒடிந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், சுற்றிலும் ஒரே மாதிரி ஆரஞ்சு ஜாக்கெட். ஒரே மாதிரி குழாய். எல்லா முகமும் தண்ணீருக்குள். இதில் என் மகள் யார்?

அவளுக்கு அப்போது 11 வயது.

வாயில் குழாய் இருப்பதை மறந்து பெயர் சொல்லிக் கத்தினேன். ‘பூ... பூ...’ என்றுதான் வந்தது. இரண்டு நிமிடம் இருக்கலாம். இருபதடி தள்ளி ஒரு நீல மீனைப் பார்த்தபடி நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அந்த நாள் இன்றும் இனிமையான நாள். எனக்கு அந்த இரண்டு நிமிடம் இன்றும் கனவில் வருகிறது.

காலில் பட்ட வெட்டு இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. நான் ஒடித்தது? அது கல் இல்லை, உயிர். பவளம் என்பது நுண்ணிய உயிர்கள் கூட்டமாகக் கட்டுகிற வீடு. பாறை மாதிரி திரண்டு நிற்கும் வகைகள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஏற்கெனவே கடல் சூடாகி 1998, 2010, 2016, 2024 என்று லட்சத்தீவின் பவளங்கள் திரும்பத் திரும்ப வெளுத்துவிட்டன. நம் பக்கத்து மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தோம். 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. 1986-ல் அது தேசியப் பூங்கா ஆனது. 2001-ல் பவளம் புலிக்குச் சமமாக, வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் ஏறியது. அப்படிப்பட்டதைத்தான் நான் ‘மளுக்’கென்று மிதித்துவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் வகுக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ வகுத்தது புரிந்தது. படகுக்கு டீசல், படகோட்டிக்குச் சம்பளம்... ஆறு பேர் ஏறினாலும் பதினெட்டுப் பேர் ஏறினாலும் இந்தச் செலவில் பெரிய மாற்றம் இல்லை. ஏழாவது ஆளிலிருந்து வருவதெல்லாம் கிட்டத்தட்ட லாபம். எங்கே செலவைக் குறைக்க முடியும்? வழிகாட்டியில்தான். மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர். கட்டணம் குறைவாக இருப்பதன் ரகசியம் பல நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. சில நேரம் கட்டணம் அதிகமாக இருக்கும், ஆனாலும் வழிகாட்டி ஒருவர்தான். கூடுதல் பணம் சாப்பாட்டுக்கும் போட்டோவுக்கும் போயிருக்கும். அதனால் விலையைப் பார்த்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்த காலத்தில் (கடைசியாகக் குளித்தது 1961-ல்) இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிறு படகில் நிற்பவன் கையில் இருக்கும். கயிறு அசைந்தால் மேலே இழுக்க வேண்டும். ஒரு கணம் கண் அசந்தால் கீழே இருப்பவன் கதை முடிந்தது. அதனால் கயிறு பிடிக்க மச்சானைத்தான், அதாவது மனைவியின் அண்ணன் தம்பியைத்தான், நிறுத்துவார்கள் என்று சொல்வார்கள். கயிற்றின் மறுமுனையில் இருப்பது தன் உடன்பிறந்தவளின் தாலி என்று அவனுக்குத் தெரியுமல்லவா?

எவ்வளவு பெரிய நிர்வாக ஞானம்! நாமோ கயிறு யார் கையில் என்று கேட்காமல், மீன் என்ன கலர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று: மொத்தம் எத்தனை மணி நேரம் என்பது வேண்டாம், தண்ணீருக்குள் எத்தனை நிமிடம்?

இரண்டு: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? அவர் எங்களோடு தண்ணீரில் இருப்பாரா, படகில் நிற்பாரா?

மூன்று: இறக்குவது லகூனுக்குள்ளா, பாறைக்கு வெளியே திறந்த கடலிலா? இறக்குவதற்கு முன் முழங்கால் தண்ணீரில் பழக்குவீர்களா?

நான்கு: காற்று அதிகம் என்று நீங்களே ரத்து செய்தால் பணம் திரும்பி வருமா? இது பண ஆசையில் கேட்பதில்லை. பணத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்றால் பயணிகள் ‘இறக்கு இறக்கு’ என்று நச்சரிப்பார்கள். திருப்பித் தருவதாக இருந்தால் கம்பெனிக்காரருக்கு ரத்து செய்ய மனசு வராது. இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. பதில் சொல்கிற விதத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

போனில் மறுமுனையில் இருந்த இளைஞர், ‘‘சார், இதுவரைக்கும் யாரும் இதெல்லாம் கேட்டதில்லையே’’ என்றாராம். ஆனால், விசாரித்துச் சொன்னார். ஐந்து மணி நேரப் பயணத்தில் வழிகாட்டிக்குப் பன்னிரண்டு பேர். ஒரு மணி நேரப் பயணத்தில் லகூனுக்குள், வழிகாட்டிக்கு இரண்டே பேர், தண்ணீரில் கூடவே இருப்பார். நிமிடக் கணக்கில் பார்த்தால் தண்ணீரில் இருக்கும் நேரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்! அண்ணன் இரண்டாவதை எடுத்தார். டாக்டரிடம் போய் பிரஷரையும் இதயத்தையும் பார்த்துக்கொண்டார். ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல் குளத்தில், சின்னப் பையன்கள் சிரிக்கச் சிரிக்க, பத்து நாள் மாஸ்க்கும் குழாயுமாக மிதந்தார்.

போன வாரம் திரும்பி வந்தார். அல்வா, சூரை மீன் ஊறுகாயோடு ஒரு குறையையும் கொண்டுவந்தார்.

‘‘என்னத்தச் சொல்ல தம்பி... அந்த வழிகாட்டிப் பய ரொம்பக் கறார். முழங்கால் தண்ணியில உங்க அண்ணிக்கு மூச்சு வாங்குச்சு. ‘சேச்சி வேண்டா’னு சொல்லிக் கண்ணாடிப் படகுக்கு அனுப்பிட்டான். சரினு நான் எறங்குனேன். நல்லாத்தான் இருந்துச்சு. வெரல் நீட்டுனா மீனு. காலை ஊனப் பாத்தேன், டக்குனு இடுப்பைப் பிடிச்சுத் தூக்கிட்டான், பாறையைத் தொடக் கூடாதாம். இருபது நிமிஷம்கூட ஆகலை, உதடு நடுங்குதுனு ‘மதி சார்’னு மேல ஏத்திட்டான். முழுக் காசும் குடுத்திருக்கோம்ல?’’

சொல்லிவிட்டு, நியாயம் கேட்கிற பாவனையில் என்னைப் பார்த்தார்.

‘‘அண்ணே, அவன் பேரு தெரியுமா?’’

‘‘தெரியாதே. ஏன்?’’

‘‘கேட்டு வச்சிருக்கலாம்ணே. அவன்தான் உங்க மச்சான்.’’